ஊரிழந்த வீரர்கள்

போலந்தின் அன்றைய கீழ்க்கோடி ஜில்லாக்களுக்குப் போலிஷ் பாஷையில் 'கிரெஸி' என்று பெயர். எல்லைப்புறம் என்பது பொருள். 1939-ல் ருஷ்ய சைனியம் அங்கே புகுந்தது. லட்சக்கணக்கான ஜனங்கள் சைபீரியாவுக்கும் மத்திய ஆசியாவுக்கும் நாடு கடத்தப்பட்டனர். 1941-ல் ஹிட்லர் ருஷ்யாவின்மீது பாய்ந்த பின்னரே அவர்களில் பலருக்கு விடுதலை கிட்டியது. எலும்புந் தோலுமாய் வந்து சேர்ந்த அம்மனிதர்களைக் கொண்டே ஐந்தாவது காலாட்படை டிவிஷன் உருவாயிற்று. ஊர் நினைவாகப் பின்னர் 'கிரெஸி' என்ற பெயரையே அது பூண்டது. பாரசீகம், இராக், பாலஸ்தீனம், எகிப்து என்று அலைந்து இத்தாலியை அடைந்தது.

1944 மே 11 இரவு மாண்டி காஸினோ மலையில் தொடுத்த முதல் தாக்குதல் பலிக்கவில்லை. நமது நாலாவது இந்திய டிவிஷனும் அவ்வாண்டு முற்பகுதியில் ரத்தம் சிந்திய மலை அது! மே 17-ல் மீண்டும் ஏறினார்கள். மறுநாள் மடாலய இடிபாடுகளின்மேல் போலந்துக் கொடி பறந்தது.

1945 பிப்ரவரியில் யால்டாவில் கூடிய மூன்று வல்லரசுத் தலைவர்கள் அந்த எல்லைப்புறத்தைப் பெரும்பாலும் ருஷ்யாவுக்கே விட்டுவிட்டார்கள். போலந்துக்காரர் ஒருவரையும் அங்கு அழைக்கவில்லை. ஆயினும் வீரர்கள் ஆயுதத்தைக் கீழே வைத்தார்களில்லை. ஏப்ரலில் பொலோனாப் போரிலும் நின்றார்கள். 1947-ல் டிவிஷன் கலைக்கப்பட்டது. பலர் அந்நிய மண்ணிலேயே தங்கிவிட்டனர்.

பிறர் ஊர்களை மீட்டவர்களுக்குத் தம் ஊர் மீளவில்லை. குடிகளைக் கேளாமல் எல்லை வகுப்பது எத்தகைய அநீதி என்பதை நமக்குப் பிறர் சொல்ல வேண்டுமோ?