முகம் தெரியாத பணம்

பென்னாகரத்துச் சந்தையில் ஆடு விற்ற ஒருவர், மீதிப் பணத்தை எண்ணித் தரும்போது நூறு ரூபாய்த் தாளொன்றை மிகையாகத் தந்துவிட்டார் என வைத்துக்கொள்வோம். வாங்கியவர் பத்தடி நடந்தபின் எண்ணிப் பார்க்கிறார். நம்மூரில் பெரும்பாலோர் திரும்பி வந்து அதைக் கொடுத்துவிடுவர் என்றே நான் நம்புகிறேன். விற்றவருடைய முகம் அவர்களுக்குத் தெரியும். அந்த ஆட்டை அவர் எத்தனை மாதம் வெயிலில் மேய்த்திருப்பார் என்பதும் ஏறக்குறையத் தெரியும். அதே மனிதருடைய வங்கிக் கணக்கில் ஒருநாள் காலையில், எங்கிருந்தோ பத்தாயிரம் ரூபாய் வரவாகியிருந்தால் என்ன செய்வார்? இவ்வினாவை எங்களூர் மாணவர்களிடம் நான் கேட்டதுண்டு. "தவறு வங்கியுடையது, நாம் கேட்டு வாங்கவில்லையே" என்றவர் பலர். "வங்கிக்கு இதெல்லாம் ஒரு தொகையா?" என்றவர் சிலர். இவ்விரண்டு விடைகளையுமே இன்று ஆராய விரும்புகிறேன்.

இது வெறுங் கற்பனை அன்று. 2023ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், தூத்துக்குடியைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி, சென்னையில் வாடகைக் கார் ஓட்டும் ஒருவருடைய கணக்கில் 9,000 கோடி ரூபாயை வரவு வைத்துவிட்டது. கைப்பேசியில் செய்தியைக் கண்டவர், இது ஏதோ ஏமாற்று வேலை என்று ஐயுற்று, உண்மைதானா என்றறிய நண்பர் ஒருவருக்கு 21,000 ரூபாய் அனுப்பிப் பார்த்தார். அது போய்ச் சேர்ந்தது. சிறிது நேரத்தில் எஞ்சிய தொகையை வங்கி எடுத்துக்கொண்டது. 21,000 ரூபாயைப் பற்றிய வழக்கு பின்னர்ச் சமரசமாக முடிந்தது. நகைப்பதற்கு இந்நிகழ்ச்சி மிகவும் உதவும். அறத்தை ஆராய அவ்வளவாக உதவாது. ஒன்பதாயிரம் கோடியைத் தன்னுடையது என்று எவரும் நம்பப்போவதில்லை. நம்மைச் சோதிப்பது சிறிய தொகையே. "நமக்கு உரியதாகவும் இருக்கலாமே" என்று மனம் மெல்லச் சொல்லும் தொகையே.

அவ்வாண்டு நவம்பர் 10 முதல் 13 வரை யூகோ வங்கியில் நேர்ந்தது அத்தகையது. பிற வங்கிகளிலிருந்து உடனடிப் பணமாற்று முறையில் அனுப்பப்பட்ட தொகைகள், அனுப்பியவர் கணக்கில் பற்று எழுதப்படாமலேயே, யூகோ வங்கியின் ஏறத்தாழ 41,000 கணக்குகளில் வரவாகிவிட்டன. மொத்தம் 820 கோடி ரூபாய். சில நாட்களுக்குள் 649 கோடியை வங்கி மீட்டது. எஞ்சியதில் ஒரு பகுதியைப் பலர் அதற்குள் எடுத்துவிட்டிருந்தனர். மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிவு செய்து, பல ஊர்களில் சோதனை நடத்தியது.

யாருடைய கணக்கிலும் பணம் குறையவில்லையே, பின் இழப்பு யாருக்கு என்று நீங்கள் கேட்கலாம். கணக்கில் காணும் வரவு என்பது, வங்கி நமக்குத் தர ஒப்புக்கொண்ட கடன். அக்கடனுக்கு எதிராக ஒருவர் போட்ட பணம் இருந்தாக வேண்டும். அது இல்லாமல் நாம் எடுத்துக்கொண்டால், வங்கி தன் முதலிலிருந்து ஈடு செய்ய வேண்டும். யூகோ வங்கியோ 1969இல் நாட்டுடைமையான பதினான்கு வங்கிகளுள் ஒன்று. அதன் முதலில் பொதுமக்களுக்கும் பங்குண்டு. 'வங்கிப் பணம்' என்று நாம் சொல்லும் பணத்திற்கும் முகங்கள் உண்டு. அவை மிகப் பலவாதலால் நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

சில வேளைகளில் அது ஒரே ஒரு முகமாகவும் இருக்கும். எங்கள் வட்டாரம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த ஆண்டில் கட்டட வேலைக்காகப் பெங்களூருக்குச் செல்வோர் பலர். அப்படிச் சென்ற ஒருவர் வீட்டிற்கு ஆறாயிரம் ரூபாய் அனுப்பும்போது கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் பிசகிவிட்டால், பணம் வேறொருவர் கணக்கிற்குப் போகலாம். மின்னணுப் பணமாற்றில் நெடுங்காலம் எண் ஒன்றே பார்க்கப்பட்டது; பெயர் ஒத்துப் பார்க்கப்படவில்லை. அனுப்புமுன் பெறுபவர் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1ஆம் தேதிக்குள் அளிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. பிழை செய்தவர் அவரே என்பது மெய்தான். அதனால் அவருடைய ஒரு வாரக் கூலி நமக்கு உரியதாகிவிடுமா?

"உன் கவனக்குறைவு, என் ஊதியம்" என்னும் இவ்வாதத்தை நீதிமன்றம் நெடுநாளைக்கு முன்பே கேட்டு முடித்துவிட்டது. 1841இல் இங்கிலாந்தில் கெல்லி, சொலாரி வழக்கு வந்தது. கணவனை இழந்த பெண்ணொருத்திக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுத்துவிட்டது. தவணை கட்டாமையால் அந்த ஒப்பந்தம் முன்னரே காலாவதியாகியிருந்தது. அதை அறிந்திருந்த இயக்குநர்கள் மறந்துபோயினர். கொடுத்தவர் எவ்வளவு கவனக்குறைவாக இருந்திருப்பினும், உண்மையாகவே மறந்து கொடுத்திருந்தால் திரும்பக் கேட்கலாம் என்றனர் நீதிபதிகள். விதவையை எண்ணி நம் நெஞ்சு இரங்குகிறது. என் நெஞ்சும் இரங்கத்தான் செய்கிறது. ஆனால் இரக்கம் வேறு, உரிமை வேறு. நம் நாட்டில் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆம் பிரிவு, தவறுதலாகப் பெற்ற பணத்தைத் திருப்பித் தருமாறு பணிக்கிறது.

அடுத்த படி குற்றவியல். 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 403ஆம் பிரிவிலே இரண்டு அழகிய எடுத்துக்காட்டுகள் இருந்தன. பெருவழியில் ஒருவன் ஒரு ரூபாயைக் காண்கிறான், யாருடையதென்று தெரியாது, எடுக்கிறான். அது குற்றமன்று. மற்றொருவன் பணத்தாள் வைத்த கடிதமொன்றைக் காண்கிறான். முகவரியைப் படித்து உரியவரை அறிந்துகொள்கிறான். அறிந்தபின் தாளைத் தனதாக்கிக்கொள்கிறான். அவன் குற்றவாளி. இருவருக்கும் இடையிலுள்ள கோடு, அறிந்த அந்தக் கணமே. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆம் பிரிவு இக்குற்றத்தைக் கூறுகிறது. வங்கிக் கணக்கில் வந்த பணம் முகவரியுள்ள கடிதம் போன்றது. எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு அதனுடனேயே வருகிறது.

திருப்பூரில் இதனால் ஒரு குடும்பமே அல்லலுற்றது. 2012இல் பொதுப்பணித் துறைக்குச் சேர வேண்டிய 40 லட்சம் ரூபாய் ஒரு காப்பீட்டு முகவரின் கணக்கில் தவறிச் சேர்ந்தது. பிழை வெளிப்படப் பல மாதங்கள் ஆயின. அதற்குள் பணம் சொத்தாகவும் மகளின் திருமணச் செலவாகவும் மாறிவிட்டது. 2019இல் கணவன், மனைவி இருவருக்கும் சிறைத்தண்டனை கிடைத்தது. அத்தனை மாதங்கள் உறங்கிய அலுவலர்களையும் நாம் பாராட்ட இயலாது.

இங்கே வங்கிகளுக்கும் ஒரு சொல் உண்டு. உதவித்தொகை இருமுறை வந்ததை அறியாமல் அரிசி வாங்கிவிட்ட மூதாட்டியைக் கள்வரைப் போல் நடத்துவது முறையன்று. அறிந்து செலவிட்டவர் வேறு, அறியாது செலவிட்டவர் வேறு. பின்னவருக்குத் தவணை தர வேண்டும். நம் பணம் பிறரால் களவாடப்படும்போது, மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்று ரிசர்வ் வங்கி 2017இல் விதித்தது. நாம் எதிர்பார்க்கும் நேர்மை இருபுறமும் செல்ல வேண்டுமன்றோ?

இனிச் செய்யத்தக்கது யாது? "தவறி அனுப்பிவிட்டேன், இந்த எண்ணுக்குத் திருப்பி அனுப்புங்கள்" என்று கைப்பேசியில் யாரேனும் அழைத்தால் உடனே அனுப்பிவிடாதீர்கள். அவ்வாறு பேசி ஏமாற்றுவோர் உளர். பணத்தைத் தொடாமல் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வங்கிக் கிளைக்குச் செல்லுங்கள். தேதி, தொகை, வரவுக் குறிப்பு ஆகியவற்றைத் தாளில் எழுதி, "இது என்னுடையதன்று; உரியவருக்குச் சேர்ப்பியுங்கள்" என்று கேளுங்கள். இரண்டு படி எழுதி, ஒன்றில் கிளையின் முத்திரையையும் தேதியையும் பெற்று, கணக்குப் புத்தகத்திற்குள் மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.