தக்கைப்பூண்டா? யூரியாவா?
பயிரின் பசியைத் தீர்ப்பது எது?

வைகாசி மாதம். மேட்டூர் அணை எப்போது திறக்கும் என்று காவிரிக் கரை விவசாயிகள் காத்திருக்கும் காலம். அப்போது பல வீட்டுத் திண்ணைகளில் இப்படி ஒரு பேச்சு நடக்கும்:

"தம்பி, இந்த வருஷம் சம்பாவுக்கு முன்னாடி தக்கைப்பூண்டு விதைச்சு மடக்கி உழுதிடுவோம்" என்பார் தகப்பனார்.

"அதுக்கு நாற்பத்தஞ்சு நாள் யாரப்பா காத்திருக்கிறது? நாலு மூட்டை யூரியா எடுத்துப் போட்டா பத்தே நாள்ல பயிர் கருகருன்னு வந்துடும்" என்பான் மகன்.

யார் சொல்வது சரி?

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அதே சமயம், இரண்டு பேரும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அது என்ன?

பணக்காரக் காற்று, ஏழைப் பயிர்

மனிதனுக்குச் சோறு எப்படியோ, அப்படித்தான் பயிருக்குத் தழைச்சத்து. அது இருந்தால்தான் இலை பச்சையாக இருக்கும். தூர் கட்டும். கதிர் நீளும். அது குறைந்தால் அடி இலைகள் மஞ்சளாகிவிடும். பயிர் குட்டையாக நின்றுவிடும்.

தழைச்சத்துக்கு நைட்ரஜன் என்று பெயர். நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். நெற்பயிரைச் சுற்றிக் கடல்போல் அது இருக்கிறது. ஆனால் பயிரால் அதில் ஒரு துளியைக்கூட நேராக எடுத்துக்கொள்ள முடியாது! பூட்டிய களஞ்சியத்தின் வாசலில் பட்டினியாக நிற்பவனின் கதைதான் நெற்பயிரின் கதை.

அந்தப் பூட்டைத் திறக்க இரண்டு சாவிகள் உண்டு. ஒன்று இயற்கை கொடுத்தது. மற்றொன்று மனிதன் செய்தது.

வேருக்குள் ஒரு தொழிற்சாலை

தக்கைப்பூண்டுச் செடி ஒன்றை மெதுவாகப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் சிறு சிறு முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் அங்கே வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

அந்த முடிச்சுக்குள் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் குடியிருக்கின்றன. இவை நோய் தரும் கிருமிகள் அல்ல, நன்மை செய்பவை. செடி அவற்றுக்கு உணவு கொடுக்கிறது. வாடகையாக அவை காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன.

சணப்பு, கொழிஞ்சி, அவுரி, தட்டைப்பயறு எல்லாவற்றுக்கும் இந்த உறவு உண்டு. நெல்லுக்கு இல்லை. இந்த ரகசியத்தை ஐரோப்பிய விஞ்ஞானிகள் 1880-களில்தான் கண்டுபிடித்தார்கள். முடிச்சில் உள்ள கிருமியை 1888-இல் ஹாலந்து நாட்டு பெயரிங்க் தனியாகப் பிரித்து எடுத்தார்.

விஞ்ஞானம் தெரியாமலே நம் முன்னோர்கள் அதன் பலனை அனுபவித்து வந்தார்கள். புங்கன், வேம்பு, எருக்கு, கொழிஞ்சி ஆகியவற்றின் தழையைக் கட்டுக் கட்டாகத் தலையில் சுமந்து வந்து, சேற்றில் பரப்பி, காலால் மிதித்து அமுக்கினார்கள். வெளியிலிருந்து கொண்டுவந்து போடும் இந்தத் தழைக்குப் பசுந்தழை உரம் என்று பெயர். வயலிலேயே விதைத்து, அங்கேயே மடக்கி உழுவது பசுந்தாள் உரம்.

ஜெர்மனியில் பிறந்த இரண்டாவது சாவி

மனிதன் செய்த சாவி ஜெர்மனியில் பிறந்தது. பிரிட்ஸ் ஹேபர் என்ற ரசாயன மேதை, 1909-இல் காற்றில் உள்ள நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா தயாரித்துக் காட்டினார். கடும் சூடு, கடும் அழுத்தம் இரண்டும் அதற்குத் தேவைப்பட்டன. கார்ல் பாஷ் என்பவர் அதைப் பெரிய தொழிலாக மாற்றினார். 1913-இல் ஓப்பாவ் என்ற ஊரில் தொழிற்சாலை ஓடத் தொடங்கியது. இருவருக்கும் தனித்தனியே நோபல் பரிசு கிடைத்தது.

அதே அம்மோனியாவிலிருந்து முதல் உலகப் போரில் வெடிமருந்தும் தயாரானது. வயலை வாழவைத்த கண்டுபிடிப்பே போர்க்களத்தில் உயிரைக் குடிக்கவும் உதவியது!

இன்று உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் உணவு இந்தச் சாவியை நம்பியே இருக்கிறது. யூரியாவும் இந்த அம்மோனியாவிலிருந்துதான் தயாராகிறது.

தஞ்சையில் வந்த மாற்றம்

இந்தியாவில் சிந்திரி உரத் தொழிற்சாலை 1951-இல் அம்மோனியம் சல்பேட் தயாரிக்கத் தொடங்கியது. 1960-இல் இந்தியாவில் ஏழு ஜில்லாக்களில் தீவிர விவசாயத் திட்டம் தொடங்கியது. அவற்றில் தஞ்சாவூரும் ஒன்று. நல்ல விதை, உரம், கடன், யோசனை எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுப்பதால் மக்கள் அதைப் 'பாக்கேஜ் திட்டம்' என்றார்கள்.

பழைய நெல் ரகங்கள் உயரமானவை. அவற்றுக்கு அதிக உரம் போட்டால் தலை கனத்துச் சாய்ந்துவிடும். 1965-இல் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் 'ஆடுதுறை 27' என்ற குறுகிய கால நெல்லைக் கொடுத்தது. மறு ஆண்டு பிலிப்பைன்ஸிலிருந்து ஐ.ஆர்.8 என்ற குட்டை நெல் வந்தது. இந்தப் புது ரகங்கள் உரத்தை உண்டு, அதை மணியாக்கிக் கொடுத்தன. விளைச்சல் ஏறியது. சாப்பாட்டுக்குக் கப்பலை எதிர்பார்த்த நாடு, பின்னர் தன் சோற்றைத் தானே விளைவித்துக்கொண்டது.

யூரியா செய்த நன்மையை மறக்கக்கூடாது. ஆனால் ஒரு மூட்டை நல்லது என்றால் நான்கு மூட்டை நான்கு மடங்கு நல்லது ஆகிவிடாது!

போட்ட யூரியா எங்கே போகிறது?

நெல் வயலில் தண்ணீர் நிற்கிறது. அதன் மேல் யூரியாவை வீசுகிறோம். சில நாளில் அது அம்மோனியாவாக மாறுகிறது. அதில் ஒரு பங்கு ஆவியாகிக் காற்றோடு போய்விடும். ஒரு பங்கு தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். இன்னொரு பங்கு சேற்றில் உள்ள கிருமிகளால் மறுபடியும் வாயுவாகிப் பறந்துவிடும். பெரும்பாலான நெல் வயல்களில், போட்டதில் பாதிகூடப் பயிரின் வயிற்றுக்குப் போவதில்லை.

பயிர் அளவுக்கு மேல் சாப்பிட்டாலோ? இலை கரும்பச்சையாகும். தண்டு மெலிந்து மிருதுவாகும். புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் தேடி வரும். குலை நோய் எளிதாகப் பற்றும். வடகிழக்குப் பருவமழை ஒரு இரவு அடித்தால் பயிர் பாய் விரித்ததுபோல் படுத்துவிடும். படுத்த பயிரில் மணி முளைத்துவிடும். அறுவடை மிஷின் மெதுவாகத்தான் நகரும். வாடகை நேரம் ஏறும். கடன் வாங்கி உரம் போட்ட வீட்டில் அந்தத் தைப்பொங்கல் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கடல் புகுந்த வயல்கள்

தக்கைப்பூண்டின் பெருமையை நாகப்பட்டினம் கடற்கரை விவசாயிகளைக் கேட்டால் சொல்வார்கள்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26. சுனாமி அலை வயல்களுக்குள் புகுந்தது. அறுவடைக்கு நெருங்கிக்கொண்டிருந்த சம்பாப் பயிர் உப்பில் கருகியது. நிலத்தின் மேல் கடல் சேறு படிந்தது. இனி இந்த மண்ணில் நெல் விளையுமா என்று பலர் கலங்கினார்கள்.

சேற்றை வழித்து அகற்றினார்கள். வரப்பைக் கட்டி, மழைநீரைத் தேக்கி, உப்பைக் கழுவி வடித்தார்கள். பிறகு பல வயல்களில் விதைத்தது தக்கைப்பூண்டு! உப்பையும் களரையும் அது ஓரளவு தாங்கி வளரும். அதை மடக்கி உழுதபோது மண் இளகியது. அதன் பிறகு நெல் வந்தது. இயற்கை விவசாயி நம்மாழ்வார் போன்றவர்கள் ஊர் ஊராகச் சென்று இந்த வேலைக்குத் துணை நின்றார்கள்.

யூரியா பயிருக்குச் சாப்பாடு போடும். ஆனால் மண்ணுக்குச் சாப்பாடு போடாது. தழை மக்கினால் மண் பொலபொலப்பாகும். தண்ணீரைப் பிடித்து வைக்கும். மண்ணில் உள்ள கோடிக்கணக்கான உயிர்களுக்கும் அதுவே உணவு.

எப்படிச் செய்வது?

ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதை போதும். கோடை மழையிலோ, வாய்க்காலில் முதல் தண்ணீர் வந்ததுமோ விதைக்கலாம். ஆடு மாடு மேயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

40 முதல் 45 நாளில் பூ எடுக்கத் தொடங்கும். அதுதான் சரியான நேரம். அதற்கு மேல் விட்டால் தண்டு முற்றிக் கட்டையாகிவிடும்; எளிதில் மக்காது. வயலில் தண்ணீர் கட்டி, மடக்கி உழ வேண்டும். ஒரு வாரம் பத்து நாள் கழித்து நடவு செய்யலாம்.

நன்றாக வளர்ந்தால் ஏக்கருக்கு 8 முதல் 10 டன் தழை கிடைக்கும். அதில் சுமார் 30 முதல் 40 கிலோ தழைச்சத்து இருக்கும். எல்லாமே உடனே பயிருக்குக் கிடைத்துவிடாது, மெதுவாகத்தான் வரும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். இன்றைய நெல் ரகங்களுக்கு ஏக்கருக்கு சுமார் 60 கிலோ தழைச்சத்து சிபாரிசு செய்கிறார்கள். 45 கிலோ யூரியா மூட்டையில் ஏறக்குறைய 21 கிலோ தழைச்சத்து உண்டு. ஆக, மூன்று மூட்டை வேண்டும். தக்கைப்பூண்டை மடக்கி உழுத வயலில் ஒரு மூட்டையைத் தாராளமாகக் குறைக்கலாம்.

மிச்சத்தையும் ஒரே நாளில் கொட்டக்கூடாது. தூர் கட்டும்போது, கதிர் உருவாகும்போது என்று பிரித்துப் போட வேண்டும். தண்ணீரை வடித்துவிட்டுப் போட்டு, பிறகு நீர் கட்டினால் வீணாவது குறையும். 2015 முதல் நாட்டில் தயாராகும் யூரியா முழுவதும் வேப்ப எண்ணெய் பூசியே வருகிறது. அதன் தழைச்சத்து மெதுவாக வெளிப்படவே இந்த ஏற்பாடு.

பயிரையே கேளுங்கள்!

எப்போது போடுவது என்பதைப் பயிரே சொல்லும். அதற்கு 'இலை வண்ண அட்டை' என்ற சிறு அட்டை உண்டு. வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை அதில் பட்டைகள் இருக்கும். காலை வேளையில், வெயில் படாமல் உங்கள் நிழலில் வைத்து, மேலே முழுவதும் விரிந்த இளம் இலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். இப்படிப் பத்துப் பயிர்களைப் பாருங்கள். ஆறு அல்லது அதற்கு மேல் நான்காம் எண்ணுக்குக் கீழே வெளுத்திருந்தால் யூரியா போடலாம். வெள்ளைப் பொன்னிக்கு மட்டும் மூன்றாம் எண். வெளுக்கவில்லை என்றால் மூட்டையைப் பிரிக்கவே வேண்டாம்!

தண்ணீர்தான் பெரிய சிக்கல். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் ஜூன் 12-இல் மேட்டூர் அணையைத் திறக்க முடியவில்லை. நெல்லுக்கே தண்ணீர் இல்லாதபோது பூண்டுக்கு எங்கே போவது என்று விவசாயி கேட்பதில் நியாயம் உண்டு. அதனால்தான் கோடை மழையை விடக்கூடாது என்கிறார்கள். விதைக்கும் உதவி உண்டு. 2024-இல் தமிழக அரசு அறிவித்த 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில், விவசாயிகளுக்குப் பசுந்தாள் உர விதை கொடுப்பதும் ஒன்று.

மறுபடியும் திண்ணைக்கு வருவோம். அப்பாவும் மகனும் விடாமல் வாதாடுகிறார்கள். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வருகிறது:

"போன தையில சாஞ்ச பயிரை அறுக்க மிஷினுக்குக் கொடுத்த பணம் ரெண்டு பேருக்கும் மறந்து போச்சா? பூண்டையும் விதைங்க. நாலு மூட்டையை ரெண்டாக் குறைங்க. மிச்சப் பணத்தை என்கிட்ட கொடுங்க!"

இதைவிட நல்ல யோசனையை யார் சொல்ல முடியும்?