பேச்சுக்குத் தலை திருப்பும் சிற்பங்கள்

பஹ்ரைனின் குதைபியாவில் கோடை முழுக்க ஜன்னல் ஏ.சி.கள் ஓடிக்கொண்டே இருக்கும். அறை குளிர்ந்ததும் தெர்மோஸ்டாட் கம்ப்ரசரை நிறுத்தும். சூடு ஏறினால் மறுபடி ஓடவிடும். செயலின் விளைவை அளந்து அடுத்த செயலைத் திருத்திக்கொள்ளும் இந்த ஏற்பாட்டுக்குப் பின்னூட்டம் என்று பெயர். இயந்திரத்துக்கும் உயிருக்கும் இது பொதுவானது என்று 1948இல் வெளிவந்த ‘சைபர்னெட்டிக்ஸ்’ நூலில் நோர்பர்ட் வீனர் விளக்கினார். கலைஞர்கள் இதைக் கையிலெடுத்தபோது, பார்ப்பவருக்குப் பதில் சொல்லும் சிற்பங்கள் பிறந்தன.

இவற்றின் முன்னோடிகள் மேற்காசியாவில் இருக்கின்றன. இன்றைய துருக்கியிலுள்ள தியார்பக்கிர் அரண்மனையில் பணியாற்றிய பொறியாளர் அல்-ஜஸரி, 1206இல் தம் கருவிகளைப் படங்களுடன் நூலாக்கினார். அதில் கைகழுவ ஒரு மயில் உண்டு. வாலிலுள்ள அடைப்பை இழுத்தால் அலகிலிருந்து நீர் கொட்டும். கழுவிய நீர் உள்ளே சேரச் சேர மிதவை உயரும். உடனே ஒரு பொம்மைப் பணியாள் சோப்புத் தூளுடன் வெளியே வருவான். நீர் இன்னும் ஏறினால் மற்றொருவன் துண்டு நீட்டுவான்.

அவருடைய யானைக் கடிகாரம் இன்னும் நுட்பமானது. யானையின் வயிற்றிலுள்ள தொட்டியில் துளையிட்ட கிண்ணம் ஒன்று மெல்ல நிரம்பி, அரை மணிக்கு ஒருமுறை மூழ்கும். அப்போது கயிறு இழுபட்டு, மேலிருந்து ஒரு குண்டு பாம்பின் வாயில் விழும். பாரத்தால் பாம்பு சாயும். அந்த இழுப்பிலேயே கிண்ணம் மேலெழுந்து பழைய நிலைக்கு வரும். குண்டுகள் தீரும்வரை யாரும் கை வைக்க வேண்டியதில்லை.

மின்னணுவியல் வந்தபின் இந்தக் கலைக்குக் காதும் கண்ணும் கிடைத்தன. 1968இல் லண்டனில் யாஷா ரைகார்ட் ‘சைபர்னெட்டிக் செரண்டிபிட்டி’ என்ற கண்காட்சியை நடத்தினார். அங்கே கார்டன் பாஸ்க் தொங்கவிட்ட உருவங்கள் ஒளியாலும் ஒலியாலும் ஒன்றையொன்று அழைத்தன. பார்வையாளர்களும் அந்த உரையாடலில் கலந்துகொள்ள முடிந்தது. எட்வர்ட் இஹ்னாடோவிச்சின் ‘சாம்’ என்ற சிற்பம் மைக்ரோபோன்களால் ஒலி வந்த திசையை அறிந்து, அந்தப் பக்கம் திரும்பியது.

அவரே 1970இல் நெதர்லாந்தின் ஐந்தோவனில் ‘சென்ஸ்டர்’ என்ற பெரிய இரும்பு உருவத்தை நிறுத்தினார். மைக்ரோபோன்களும் ராடாரும் தரும் செய்தியைக் கணினி ஆராய, ஹைட்ராலிக் அழுத்தத்தால் அது அசைந்தது. மெல்லப் பேசினால் நெருங்கி வரும், கூச்சலிட்டால் விலகிப்போகும். உள்ளே இருந்தவை எளிய விதிகள்தாம். உயிருள்ளது போலத் தோன்றப் பெரிய அறிவு தேவையில்லை, தக்க நேரத்தில் தக்க பதில் போதும் என்பதை அது நிரூபித்தது.

யானைக் கடிகாரத்தின் பெரிய மாதிரி ஒன்று துபாய் இப்னு பதூதா மாலின் இந்தியப் பகுதியில் நிற்கிறது. வளைகுடாவில் வாழும் பெற்றோர்களே, அந்தப் பக்கம் போகும்போது, படம் எடுப்பதோடு நிறுத்தாமல், கிண்ணமும் குண்டும் பாம்பும் எப்படி ஒன்றையொன்று இயக்குகின்றன என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். ரோபோ அறிவியலில் அவர்களுக்கு அதைவிட நல்ல முதல் பாடம் இல்லை.