"நான் ஒண்டும் செய்யேல்லைப் பிள்ளை"

எங்கள் சொந்தத்துக்குள் யாருடைய போன் பிழைத்தாலும் அழைப்பு எனக்குத்தான் வரும். என்னோடு நுகேகொடையில் இருக்கிற அம்மா, வெள்ளவத்தையில் ஃபிளாட்டில் தனியாக இருக்கிற பெரியம்மா, கொட்டாஞ்சேனை மாமா, அம்மாவோடு கோயிலுக்கு வருகிற அன்ரிமார் இரண்டொருவர். நான் கணினி படித்தவள் அல்ல. ஒரு கம்பனியில் கணக்குப் பார்க்கிறேன். கொழும்புத் தமிழ்க் குடும்பம் ஒவ்வொன்றிலும் என்னைப் போல ஒருவர் இருப்பார். அவர்களுக்காகவும், அவர்களிடம் தயங்கித் தயங்கிப் போனை நீட்டுகிற பெரியவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

இது எங்களுக்குச் சின்ன விஷயமல்ல. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு பிள்ளைகள் ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், மெல்பேர்ண் என்று போய்விட்டார்கள்; பெற்றவர்கள் பலர் இங்கேயே தங்கிவிட்டார்கள். ஒரு காலத்தில் ஏரோகிராம் வந்தது. பிறகு கொமியூனிகேஷன் கடையில் நிமிடக் கணக்குப் பார்த்துப் பேசிய ஐ.டி.டி. அழைப்பு. அதன் பிறகு ஸ்கைப். இப்போது வட்ஸ்அப்பும் வைபரும். எழுபத்தெட்டு வயதுப் பெரியம்மா பேரப்பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பது அந்தச் சின்னத் திரையில்தான். அது இருண்டால் ஸ்காபரோவில் இருக்கிற அண்ணாவுக்கு நித்திரை வராது. "அம்மாவின்ர போன் கிடைக்குதில்லை, ஒருக்கா எட்டிப் பார்க்கிறியா?" என்று எனக்கு எடுப்பார். ரொறன்ரோவுக்கும் எங்களுக்கும் கோடையில் ஒன்பதரை மணித்தியாலம் வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. எங்கள் பகல் அவர்களுக்கு இரவு. ஆகவே பக்கத்தில் இருக்கிறவர்தான் போகவேண்டும். வேலை முடிகிற நேரத்தில் ஹைலெவல் வீதியைத் தாண்டி வெள்ளவத்தைக்குப் போய்ச் சேர்வது என்னவென்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

போனில் வந்த பிரச்சினையைப் போனிலேயே தீர்ப்பது இன்னொரு பாடு. "திரையில என்ன தெரியுது பெரியம்மா?" என்று கேட்பேன். பார்ப்பதற்காகக் காதிலிருந்து எடுப்பார். எடுத்ததும் நான் சொல்வது கேட்காது. மறுபடி காதில் வைத்து "என்ன சொன்னனி?" என்பார். அதற்குள் நான் கேட்ட கேள்வி அவருக்கு மறந்திருக்கும். இதற்கு ஒரே வழி, எல்லாவற்றுக்கும் முதலில் ஸ்பீக்கர் பட்டனைப் பழக்குவது. அது கைவந்த பிறகுதான் வேறு எதுவும். 2023 ஓகஸ்டிலிருந்து வட்ஸ்அப் வீடியோ அழைப்பில் தன் திரையை மற்றவருக்குக் காட்டுகிற வசதி உண்டு. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி. ஆனால் அந்தப் பட்டனை அழுத்தவேண்டியவர் பெரியவர்தான். அடுத்த முறை ஊருக்கு வரும்போது பக்கத்தில் இருந்து பழக்கிவிட்டுப் போங்கள்.

எங்களுக்கு அதிகம் எரிச்சல் மூட்டுவது ஒரு வசனம்: "நான் ஒண்டும் செய்யேல்லைப் பிள்ளை, அது தன்பாட்டில போட்டுது." வட்ஸ்அப்பின் பச்சைப் படம் முகப்பில் இருந்து காணாமல் போயிருக்கும். தொடாமல் எப்படிப் போகும் என்று எங்களுக்குக் கோபம் வரும். அம்மாவின் விரலைக் கவனித்துப் பார்த்தால் அவர் சொல்வது உண்மை என்று விளங்கும். இன்றைய போன் திரை அழுத்தத்தை உணர்வதில்லை. விரல் தொடும்போது தன் மின்புலத்தில் ஏற்படுகிற மாற்றத்தை உணர்கிறது. வயது போகப் போகத் தோல் உலரும். உலர்ந்த விரலைத் திரை சில நேரம் கண்டுகொள்வதில்லை. கண்டுகொள்ளாததால் அம்மா இன்னும் ஊன்றி, இன்னும் கொஞ்ச நேரம் அழுத்துகிறார். சுவிட்சையும் மணியையும் அழுத்திப் பழகிய தலைமுறைக்கு அதுதானே இயல்பு. ஆனால் ஏறத்தாழ அரை விநாடிக்கு மேல் விரல் நின்றால், போன் அதை வேறு கட்டளையாக எடுத்துக்கொள்கிறது. படம் கழன்று விரலோடு வரும். கை கொஞ்சம் நடுங்கினால் எங்கோ போய் விழும், அல்லது அழிந்துவிடும். அம்மா திறக்கத்தான் முயன்றார். வேறு ஒன்றும் செய்யவில்லை.

இதற்கு மருந்து போனுக்குள்ளேயே இருக்கிறது. பெரும்பாலான அன்ரொயிட் போன்களில் செற்றிங்ஸுக்குள் அக்ஸெஸிபிலிட்டி என்றொரு பகுதி உண்டு. அதில் விரல் எவ்வளவு நேரம் நின்றால் நீண்ட அழுத்தமாகக் கொள்ளவேண்டும் என்பதைக் கூட்டிவைக்கலாம். முகப்புத் திரையில் உள்ள படங்கள் அசையாதபடி பூட்டுகிற வசதியும் பல போன்களில் உண்டு. எழுத்தைப் பெரிதாக்கலாம். தேய்ந்த ரேகையைப் போன் அடையாளம் காணாவிட்டால் கைரேகைப் பூட்டை விட்டுவிட்டு நாலு இலக்கத்துக்கு மாற்றலாம். பத்து நிமிட வேலை. புதுப் போன் வாங்கிக் கொடுக்கிற பிள்ளைகள் உறை போட்டு, திரைக்கு ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுக்கிறார்கள். இதைச் செய்து கொடுப்பதில்லை.

அதைவிடப் பெரிய தலையிடி ஜிமெயில் கணக்கு. புதுப் போன் வாங்கும்போது கடையில் நிற்கிற பொடியன் அவசரத்தில் ஒரு கணக்கைத் திறந்துவிடுவான். பாஸ்வேர்ட் அவனுக்கும் நினைவிராது, வாங்கியவருக்கும் தெரியாது. இரண்டு வருடம் எல்லாம் ஓடும். ஒருநாள் போன் விழுந்து உடையும். புதிய போனில் பழைய கணக்கைத் திறக்க முடியாது. சொந்தக்காரர்களின் இலக்கங்கள், பேத்தியின் சாமத்தியவீட்டுப் படங்கள், காலமான பெரியப்பாவின் குரல் பதிவு எல்லாம் ஏதோ ஒரு கணக்குக்குள் பூட்டிக் கிடக்கும். பெரியம்மாவுக்கு அப்படித்தான் நடந்தது. அந்தக் குரலை இனி அவர் கேட்க வழியில்லை. இதை வாசிக்கிறவர்கள் இன்றைக்கே வீட்டுப் பெரியவரின் கணக்கைத் திறந்து, மீட்டெடுக்கும் இலக்கமாக உங்கள் இலக்கத்தையும் சேர்த்துவிடுங்கள். பாஸ்வேர்டை ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதி அலுமாரிக்குள் வையுங்கள். எழுதிவைக்கக் கூடாது என்பார்கள். எழுபது வயதுக்காரருக்கு அந்த அறிவுரை பொருந்தாது என்பதே என் கருத்து. வீட்டு அலுமாரியை உடைத்து ஜிமெயிலைத் திருடப் போகிறவன் யாருமில்லை.

2022 யூலையில் இந்த நாடே ஒரே நேரத்தில் இந்தப் பரீட்சைக்கு உட்கார்ந்தது. பெற்றோல் தட்டுப்பாட்டின் உச்சத்தில் தேசிய எரிபொருள் அட்டை வந்தது. அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், செஸி இலக்கம் எல்லாம் இணையத்தில் பதிந்து, போனுக்கு வருகிற ஓ.டி.பி.யைக் கொடுத்தால் ஒரு கியூ.ஆர். குறியீடு கிடைக்கும். தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. அது இல்லாமல் ஷெட்டில் நின்று பயனில்லை. கொட்டாஞ்சேனை மாமா தன் பழைய ஸ்கூட்டருக்கு அதை எடுக்கப் பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். துறைமுகத்தில் ஓய்வு பெறும்வரை பேரேட்டில் ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிய மனிதர். ஓ.டி.பி. வந்த சத்தம் கேட்டதும் அதைப் பார்ப்பதற்காகப் பதிவுப் பக்கத்தை விட்டு வெளியே வருவார். திரும்பிப் போனால் பக்கம் வெறுமையாக இருக்கும். மறுபடி முதலிலிருந்து. கடைசியில் நான் ஓ.டி.பி.யைக் கடதாசியில் எழுதிக்கொடுக்க, அவரே ஒவ்வொரு இலக்கமாகப் பதிந்தார். குறியீடு வந்ததும் அதைப் பிரிண்ட் எடுத்து லமினேற் பண்ணித் திறப்புக் கோர்வையில் மாட்டிக்கொண்டார். 2023 செப்ரெம்பர் முதலாம் திகதி அந்த முறை நிறுத்தப்படும்வரை, வரிசையில் தடுமாறிய எத்தனையோ பேருக்கு மாமா சொல்லிக்கொடுத்தார்.

அதனால்தான் "வயது போனவர்களுக்கு ஏறாது" என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை. மாமா கற்றதற்குக் காரணம், இலக்கத்தை அவர் கையால் பதிந்ததுதான். நாங்கள் செய்கிற பெரிய பிழை, பொறுமை இழந்து போனைப் பறித்து, பத்து விநாடியில் தட்டி முடித்து, "சரி, இந்தாங்கோ" என்று திருப்பிக் கொடுப்பது. வேலை முடிந்துவிடும். அடுத்த கிழமை அதே கேள்வி வரும். விரல் அவருடையதாக இருக்கவேண்டும். எங்கள் கை மேசைக்குக் கீழே இருக்கவேண்டும். குறிப்பும் அவர் கையெழுத்தில், அவர் சொல்லில் இருக்கவேண்டும். அம்மா தன் கொப்பியில் "பச்சையை அமத்தி, கமராப் படத்தை அமத்தினால் தம்பி வருவான்" என்று எழுதி வைத்திருக்கிறார். நான் எழுதியிருந்தால் அவருக்கு உதவாத நாலு சொல் அதில் இருந்திருக்கும்.

ஆனால் ஒரு நிறுவனம் செயலியின் முகத்தை மாற்றிவிட்டால் அந்தக் கொப்பியின் பக்கம் வீணாகிவிடும். ஸ்கைப் சேவை 2025 மே 5ஆம் திகதி உலகம் முழுவதும் நிறுத்தப்பட்டபோது, பல வருடம் பழகிய நீலப் படத்தைப் பெரியம்மா இழந்தார். இளையவர்களுக்குப் புதிய தோற்றம் அரை மணித்தியால விஷயம். முதியவர்களுக்கு அது திரும்பவும் முதலாம் வகுப்பு. இதற்கு மாறாக, யப்பானில் மசாகோ வகாமியா என்ற பெண்மணி, முதியவர்கள் ரசித்து விளையாட ஒன்றும் இல்லையே என்று தானே நிரலாக்கம் கற்று, 2017இல் தன் 81வது வயதில் ஹினாதான் என்ற பொம்மை அடுக்கும் விளையாட்டை ஐபோனுக்கு உருவாக்கினார். முதியவரின் விரலை அறிந்தவர் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அவர் சாட்சி.

பயம் இன்னொரு சுவர். பணம் போய்விடுமோ என்ற பயத்தில் மாமா வங்கிச் செயலியைத் திறப்பதேயில்லை. அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. தெரிந்தவரின் இலக்கத்திலிருந்தே, "பிழையாக உங்களுக்கு ஒரு கோட் அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்" என்று செய்தி வரும். அந்த ஆறு இலக்கத்தைக் கொடுத்தால் வட்ஸ்அப் கணக்கு கைமாறிவிடும். அடுத்த மணித்தியாலத்தில் உங்கள் பெயரில் சொந்தக்காரர் எல்லாரிடமும் காசு கேட்பார்கள். வட்ஸ்அப்பில் இரண்டு கட்டச் சரிபார்ப்பு என்ற வசதியில் ஒரு பின் இலக்கம் போட்டுவைத்தால், கோட் போனாலும் கணக்கை எடுப்பது கடினம். தூரத்தில் இருந்து கணினியைப் பார்க்க உதவுகிற எனிடெஸ்க் போன்ற மென்பொருள்களைப் பிள்ளைகள் மட்டுமல்ல, மோசடிக்காரரும் பயன்படுத்துகிறார்கள். தெரியாதவர் அதை இறக்கச் சொன்னால் அழைப்பைத் துண்டியுங்கள். சந்தேகம் வந்தால் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கிற ஸ்ரீலங்கா சேர்ட் அமைப்பின் 101 இலக்கத்துக்கு எடுக்கலாம். ஏமாந்த பெரியவரை ஏசாதீர்கள். ஏசினால் அடுத்த முறை எங்களுக்குச் சொல்லமாட்டார்.

கரண்ட் பில், வங்கி, வரி இலக்கம், கடவுச்சீட்டுக்குத் திகதி எடுப்பது என்று ஒவ்வொன்றாக இணையத்துக்குப் போகிறது. அரசாங்கக் கட்டணங்களைச் செலுத்துவதற்கான கவ்பே 2025 பெப்ரவரி 7இல் தொடங்கியது. நல்லதுதான், வரிசையில் கால் கடுக்க நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் கவுண்டரில் இருந்த ஓர் உத்தியோகத்தர் செய்த வேலை இப்போது ஒரு மகளின், ஒரு மருமகனின் தலையில் இருக்கிறது. அப்படி யாரும் இல்லாதவர் சந்தியில் உள்ள கொமியூனிகேஷனில் அடையாள அட்டையையும் பாஸ்வேர்டையும் முன்பின் தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் படிவம் நிரப்புகிறார்.

கேரளத்தில் இதை வீட்டுப் பொறுப்பாக விடவில்லை. திருவனந்தபுரம் மாவட்டத்துப் புல்லம்பாறை பஞ்சாயத்தில் தொண்டர்கள் வீடு வீடாகவும், அரசின் நூறுநாள் வேலைத்திட்டம் நடந்த இடங்களுக்கும் போய்ப் பெரியவர்களுக்குப் போன் பழக்கினார்கள். 2022இல் அந்த ஊர் முழுவதும் டிஜிற்றல் எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அதே வழி மாநிலம் முழுவதும் போய், 2025 ஓகஸ்ட் 21இல் கேரளமே அப்படி அறிவித்தது. கற்றவர்களில் பெரும்பாவூரைச் சேர்ந்த, நூறு வயதைக் கடந்த அப்துல்லா மௌலவி பாகவியும் ஒருவர். எங்களாலும் முடியாததல்ல. எங்கள் கிராமங்களுக்குக் கணினியையும் இணையத்தையும் கொண்டுபோன நெனசல திட்டத்துக்கு 2014இல் கேற்ஸ் அறக்கட்டளையின் பத்து இலட்சம் டொலர் விருது கிடைத்தது.

இங்கே தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் கணினி அறிவைக் கணக்கெடுக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளை கணினியில் தானாக ஒரு விளையாட்டு விளையாடினாலும் கணினி அறிவுள்ளவராகக் கொள்வார்கள். அப்படி எண்ணியும் 2021இல் கிடைத்தது ஏறத்தாழ 34 வீதம். அந்தக் கணக்கெடுப்பு 5 வயதில் தொடங்கி 69 வயதில் நின்றுவிடுகிறது. 2012 குடிசன மதிப்பீட்டிலேயே எங்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் 60 வயது கடந்தவர்கள், இப்போது அதிகம். பெரியம்மாவும் மாமாவும் அந்த வீதத்துக்குள் தெரிந்தவராகவும் இல்லை, தெரியாதவராகவும் இல்லை. எண்ணப்படாதவர்களுக்கு யாரும் வகுப்பு வைக்கமாட்டார்கள். அடுத்த கணக்கெடுப்பில் எழுபது கடந்தவர்களையும் கேளுங்கள். அதுவரைக்கும் ஒவ்வொரு வங்கியிலும் ஒவ்வொரு அலுவலகத்திலும், தமிழில் பேசக்கூடிய ஓர் ஆளோடு ஒரு கவுண்டரையாவது திறந்து வையுங்கள்.