கைபேசியும் கத்தரியும்

2003 மார்ச் மாதம், ஈராக்கின் பாஸ்ரா அருகே ஒரு பிரிட்டிஷ் படைவீரர் மக்களைத் தரையோடு பதுங்கச் சொல்லிக் கையசைத்தார். லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் புகைப்படக்காரர் பிரையன் வால்ஸ்கி அடுத்தடுத்துப் படமெடுத்தார். ஒன்றில் வீரரின் கையசைப்பு நன்றாக விழுந்திருந்தது. மற்றதில் குழந்தையோடு வரும் ஆண். இரண்டையும் கணினியில் ஒட்டி ஒரே படமாக அனுப்பிவிட்டார். பின்னணிக் கூட்டத்தில் சிலர் இரண்டு முறை தெரிவதை, அந்தப் படத்தை வெளியிட்ட இன்னொரு நாளிதழில் ஒருவர் கவனித்தார். வால்ஸ்கியின் வேலை போயிற்று.

இரண்டு மூலப்படங்களும் உண்மையானவைதான்.

அன்று கணினி தேவைப்பட்ட வேலையை இன்று கைபேசியே நொடியில் முடித்துவிடும். எழுத்து, படம், ஒலி, காணொளி எல்லாவற்றையும் ஒருவரே கையாளும் பல்லூடக இதழியலுக்கு வரும் மாணவருக்குக் கருவி பெரிய தடையில்லை. கைபேசி, சட்டையில் மாட்டும் மைக், முக்காலி, ஹெட்போன் இருந்தால் தொடங்கலாம். ஒலியைச் செப்பனிட ஆடாசிட்டி இலவசம். காணொளித் தொகுப்புக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே தாராளம். பலரும் கேமராவுக்குச் செலவழித்துவிட்டு மைக்கை மறந்துவிடுகிறார்கள். படம் கொஞ்சம் ஆடினால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். பேச்சு கேட்காவிட்டால் அடுத்த காணொளிக்குத் தாவிவிடுவார். பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் அரை நிமிடம் அந்த இடத்தின் ஒலியை மட்டும் பதிந்துகொள்வது நல்லது. வெட்டி ஒட்டும்போது இடைவெளி உறுத்தாமலிருக்க அது உதவும்.

எதற்கு எந்த ஊடகம் என்று தெரிவது கருவிகளைக் கையாள்வதைவிடப் பெரிய திறமை. இதழாளர் பி. சாய்நாத் 2014இல் தொடங்கிய ‘பாரி’ இணையக் காப்பகத்தில், மகாராஷ்டிரக் கிராமப் பெண்கள் திருகையில் அரைத்தபடி பாடும் பாடல்கள் இருக்கின்றன. வரிகளை மட்டும் அச்சிட்டிருந்தால் பாதிதான் கிடைத்திருக்கும். அந்தக் குரல்களையும் கேட்க வேண்டும்.

கத்தரிக்கு வருவோம். கராச்சியில் குழந்தைக் கடத்தலைப் பற்றி ஒரு விழிப்புணர்வுப் படம் எடுத்தார்கள். பைக்கில் வருபவர்கள் சிறுவனைத் தூக்கிச் செல்கிறார்கள்; கடைசியில் அவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, எச்சரிக்கை அட்டையைக் காட்டுகிறார்கள். அந்த முடிவை மட்டும் வெட்டி நீக்கிய காணொளி 2018இல் இந்தியாவில் வாட்ஸ்அப்பில் பரவியது. அந்த ஆண்டு கடத்தல் வதந்திகளுக்குப் பல மாநிலங்களில் அப்பாவிகள் பலியானார்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு மூதாட்டியும் அடித்துக் கொல்லப்பட்டார். இப்படி வரும் காணொளியைச் சில காட்சிப் படங்களாகப் பிரித்துக் கூகுள் லென்சிலோ டின்ஐயிலோ தேடிப்பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது. மாணவர் முதல் வாரத்திலேயே பழக வேண்டிய வேலை இது.

சில எல்லைகளைச் சட்டமே வகுத்திருக்கிறது. பாலியல் குற்றத்துக்கு உள்ளான குழந்தையின் பெயரை மட்டுமல்ல, பள்ளி, குடும்பம், வசிக்கும் பகுதி என அடையாளம் காட்டும் எதையும் ஊடகம் வெளியிட போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு தடை விதிக்கிறது. முகத்தை மங்கலாக்கிவிட்டு, பின்னால் பள்ளியின் பெயர்ப்பலகையை விட்டுவைத்தால் பயனில்லை.

தொகுப்பு முடிந்ததும் மூலக்கோப்புகளை அழித்துவிடாதீர்கள். வெட்டியதைப் பற்றி யாராவது கேட்டால், எடுத்துக்காட்ட அவைதான் இருக்கும்.