நிலா கட்டும் கோட்டை

நிலாவைச் சுற்றி வெளிறிய வளையம் தெரிந்தால், ‘நிலா கோட்டை கட்டியிருக்கு, மழை வரும்’ என்பார்கள். ஊர்கோள், பரிவேடம் என்றும் இதற்குப் பெயருண்டு. 6ஆம் நூற்றாண்டின் வானியலாளர் வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதை நூலில் இதற்கென ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். ‘அகல்வட்டம் பகல்மழை’ என்ற பழமொழியோ, வட்டம் அகன்றிருந்தால் மழை பக்கத்தில் என்கிறது. இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடவும் முடியாது, அப்படியே நம்பிவிடவும் முடியாது. வட்டம் சொல்வது மேகத்தின் செய்தி. மழை, அதிலிருந்து நாம் செய்யும் ஊகம்.

கீழே எவ்வளவு வெக்கையானாலும், 10 கிலோமீட்டர் உயரத்தில் கடுங்குளிர்தான். அங்கே மெல்லிய திரைபோல் படரும் மேகத்தில் இருப்பவை ஆறு பட்டைகொண்ட பனிப்படிகங்கள். அவற்றின் ஒரு பட்டையில் நுழைந்து, ஒரு பட்டை தள்ளி வெளியேறும் ஒளி 22 பாகை அளவில் திரும்பிச் செறிகிறது. ஆகவே வட்டத்தின் ஆரம் என்றும் 22 பாகைதான். கையை நீட்டி விரல்களை விரித்தால் ஏறக்குறைய ஒரு சாண். நிலாவை ஒட்டித் தெரியும் சிறு வளையம் வேறு வகை. அதை உண்டாக்குபவை பெரும்பாலும் தாழ்ந்த மேகங்களின் நீர்த்துளிகள். சாண் வட்டத்தில் சிவப்பு உள்ளோரத்தில் இருக்கும். சிறு வளையத்தில் வெளியோரத்தில். ஒரே வட்டம் விரிந்து சுருங்குவதில்லை. அகன்றதைத் தனித்துச் சொன்ன பழமொழி, தெரிந்தோ தெரியாமலோ, மேகத்தின் வகையைப் பிரித்திருக்கிறது.

ஐரோப்பா போன்ற இடங்களில் வெப்பக்காற்று குளிர்காற்றின்மேல் ஏறி வரும்போது இந்த உயர்மேகம் முன்னே வரும். பல சமயம் ஒரு நாளுக்குள் மழை தொடரும். தமிழகத்தில் மழை அப்படி வருவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடலில் புயல் உருவானால், அதன் உச்சியிலிருந்து பனிமேகம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரவும். ஆனால் புயல் வேறு கரைக்குத் திரும்பிவிடலாம். பெய்து ஓய்ந்த இடிமழையின் மிச்சமாகவும் அதே மேகம் நிற்கும்.

‘எத்தனையோ தடவை பலித்திருக்கிறதே’ என்று கேட்கலாம். பலித்தது நினைவில் நிற்கிறது, பொய்த்தது மறந்துபோகிறது. மேலும், அடைமழைக் காலத்தில் கோட்டை கட்டினாலும் கட்டாவிட்டாலும் மழை வரும். வட்டத்துக்குள் எத்தனை நட்சத்திரமோ அத்தனை நாளில் மழை என்ற கணக்குக்கும் அடிப்படை இல்லை. அந்த எண்ணிக்கை, நிலா வானில் எங்கே நிற்கிறது, எவ்வளவு ஒளிர்கிறது என்பதைப் பொறுத்தது. அப்படியானால் கோட்டையால் பயனே இல்லையா? உண்டு, சற்று நேரம் காத்திருந்து பார்த்தால். வட்டம் மறைந்து, நிலா சொரசொரப்பான கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோல மங்கினால், மேகம் தடித்துத் தாழ்கிறது என்று பொருள். மழைக்கான வாய்ப்பு கூடுகிறது. வட்டம் கலைந்து நிலா பளிச்சென்று தெரிந்தால், அந்த மேகம் போய்விட்டது. களத்தில் நெல் காய்ந்தால் கோட்டையைப் பார்த்து மூடி வையுங்கள், நட்டமில்லை. கடலுக்குப் போவதானால் வானிலை மைய எச்சரிக்கையைக் கேட்டுவிட்டுப் போங்கள்.