புதிய பக்கத்துக்குப் பழைய அலங்காரம் ஏன்?

சுங்கை வேயில் ஒரு சிறு நிறுவனம் தன் தளத்தை இயக்கும் ஜாங்கோ என்ற இணையச் சட்டகத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றுகிறது. நிர்வாகப் பக்கம் கோணல்மாணலாகத் தெரிகிறது. ஏன்?

பக்கத்தின் எச்டிஎம்எல் புதிய பதிப்பிலிருந்து வருகிறது. நடைத்தாள், ஜாவாஸ்கிரிப்ட், படங்களோ வேறொரு கோப்புறையில் முன்பு எடுத்துவைத்த நகல்கள். ‘கலெக்ட்ஸ்டாட்டிக்’ கட்டளையை மறுபடி இயக்கினால்தான் அவை புதுப்பிக்கப்படும்.

உலாவியும் பழைய நகலைச் சேமித்து வைத்திருக்கும். இதைத் தவிர்க்கவே 2012இல் வந்த ஜாங்கோ 1.4, கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட குறியீட்டைப் பெயரோடு ஒட்டும் வசதியைத் தந்தது. ஓர் எழுத்து மாறினாலும் பெயர் மாறும். உலாவி புதிதாகக் கேட்கும். அருமையான ஏற்பாடு!

கவனம்: இந்த வசதியைத் தேர்ந்தெடுக்கும் பழைய அமைப்பு வரி 2024இல் வந்த 5.1இல் நீக்கப்பட்டது. ‘ஸ்டோரேஜஸ்’ என்ற புதிய அமைப்புக்கு மாற்றாவிட்டால், குறியீடு ஒட்டுவது சத்தமின்றி நின்றுவிடும்.